அப்பாவின் காலுக்குள் கடல்

என் அப்பா சதேகியின் காலுக்குள் கடல் ஏறிக்கொண்டிருந்தது.

சிரிக்காதீர்கள். செய்னி என்றாலே கனவு காண்கிறவள் என்று ஊரே சொல்லும். வகுப்பில் ஜன்னல் வழியே மேகம் பார்த்துக்கொண்டிருப்பேன். திரும்பினால் கணக்குப் பாடம் முடிந்திருக்கும். ஆனால் இந்தத் தண்ணீர் விஷயத்தைச் சொன்னது நர்ஸ் மெலி.

"அப்பாவோட இதயம் களைச்சுப்போச்சு, செய்னி. ரத்தத்தைத் தள்ள அதுக்குப் பலம் பத்தல. அதான் தண்ணி உடம்புலயே தங்கிடுது. முதல்ல கால்ல, அப்புறம் நெஞ்சுல. உப்பு தின்னா இன்னும் தங்கும். உங்கம்மாவும் ஊர்ல இல்ல. நீதான் தினமும் காலையில எடை பாக்கணும். ரெண்டு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா உடனே என்கிட்ட ஓடி வா. ஞாயித்துக்கிழமையா இருந்தாலும் வா!"

அம்மா பழம் பறிக்கும் வேலைக்கு ஆஸ்திரேலியா போயிருந்தார். அதனால் நானே தினமும் எடை பார்த்து நோட்டில் எழுதினேன். அப்பா சமர்த்தாக மாத்திரை போட்டுக்கொண்டார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது, வெள்ளிக்கிழமை லுபே அத்தை கப்பலில் வந்து இறங்கும்வரை.

எங்கள் டோங்கா தீவுகளில் அப்பாவைவிட அப்பாவின் அக்கா பெரியவர். அவர் சொன்னால் அப்பாவுக்கு மறுபேச்சு கிடையாது. அத்தையின் கையில் ஒரு பெரிய வாளி இருந்தது. வாளி நிறைய உப்பில் ஊறிய மாட்டிறைச்சி.

"என்னடா தம்பி, எலும்பும் தோலுமா ஆயிட்ட? சாப்பிடு!" என்றார் அத்தை.

அப்போது அப்பாவின் எடை நூற்று நான்கு கிலோ.

அப்பா என்னைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். சாப்பிட்டார்.

சனிக்கிழமை நூற்றைந்து. ஞாயிறு காலை நூற்றேழு. எட்டிப் பார்த்த அத்தை கைதட்டிக் குதித்தார்.

"மூணு கிலோ ஏறிடுச்சு! என் கைராசி எப்படி? இனி என் தம்பிக்கு ஒரு குறையும் இல்ல!"

பக்கத்து வீட்டுப் பெண்களும் வேலியருகே வந்து, "ஆமாமா, முகமே பளபளன்னு இருக்கு" என்றார்கள். எங்கள் ஊரில் உடம்பு பூரித்தால் ஆரோக்கியம் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். நர்ஸ் சொன்ன இரண்டு கிலோவைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை எங்களைத் தேவாலயத்துக்குக் கிளப்பிவிட்டார்.

தேவாலயத்தில் அப்பாவின் குரல்தான் கூட்டத்திலேயே கனமான குரல். அன்று பாதிப் பாட்டிலேயே அவர் உட்கார்ந்துவிட்டார். நான் கண்ணை மூடினேன். அப்பாவின் கணுக்காலைச் சுற்றிக் குட்டி நீல மீன்கள் நீந்தின. தண்ணீர் மெல்ல மெல்ல முழங்காலுக்கு ஏறியது. ஒரு மீன் தலையைத் தூக்கி நெஞ்சுப் பக்கம் பார்த்தது. பயத்தில் கண்ணைத் திறந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு. சேப்பங்கிழங்கு இலைக்குள் தேங்காய்ப்பாலில் வெந்த அதே உப்பிறைச்சி. பிறகு தீவே படுத்துத் தூங்கியது. அப்பாவால் மட்டும் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்தபடி மூச்சு வாங்கினார்.

"அப்பா, நர்ஸைக் கூப்பிடட்டுமா?"

"ஞாயித்துக்கிழமை மனுஷங்களைத் தொந்தரவு பண்றதா? சத்தம் போடாதே. அக்கா மனசு கஷ்டப்படும்."

எனக்கு அழுகை வந்தது. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அத்தையின் சொல்லைத்தான் அவர் தட்டமாட்டாரே என்று யோசித்தேன். அடுத்த நொடி நோட்டை எடுத்துக்கொண்டு அத்தையின் பாய் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை, ஒரு உதவி வேணும். உங்களால மட்டும்தான் முடியும்."

அத்தை ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "என்னடி பெரிய பீடிகை?"

"வந்து பாருங்களேன்."

அப்பாவின் காலை என் விரலால் அழுத்தி எடுத்தேன். ஈர மணலில் பதிந்தது போலக் குழி அப்படியே நின்றது.

அத்தை குனிந்து பார்த்தார். "சதை ஏன்டி எழும்பி வரல?"

"சதை இல்ல அத்தை, தண்ணி. அந்த மூணு கிலோவும் தண்ணிதான். உப்பு அதைப் பிடிச்சு வச்சிருக்கு. நெஞ்சுக்கு ஏறினா அப்பாவுக்கு மூச்சு விட முடியாது."

அத்தையின் முகம் சுருங்கிப் போனது. "நானா என் தம்பிக்கு இப்படிப் பண்ணிட்டேன்?"

"நீங்க பாசமாத்தானே கொண்டுவந்தீங்க! இப்போ நர்ஸ்கிட்ட போகச் சொல்லுங்க அத்தை. நான் சொன்னா கேக்க மாட்டேங்கறார்."

அத்தை நிமிர்ந்து நின்றார்.

"சதேகி!"

"அக்கா?"

"நர்ஸ் இப்ப வருவாங்க. அவங்க சொல்றதைக் கேக்கணும். ஏதாவது பேசின, தொலைச்சுப்புடுவேன்! செய்னி, நீ ஓடு!"

ஓடினேன். நர்ஸ் மெலி தூக்கக் கலக்கத்தோடு, தலைகூட வாராமல் வந்தார். அப்பாவின் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். தண்ணீரை வெளியேற்றும் ஊசி போட்டார். அப்பாவின் மூச்சு சீராகும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குன்னு விட்டிருந்தா ஆபத்தாப் போயிருக்கும்" என்றார்.

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டார்.

அடுத்த நாலு நாளும் அத்தையே சமைத்தார். எலுமிச்சம்பழம் பிழிந்த மீன், அவித்த கிழங்கு. உப்பு ஒரு கல்கூட இல்லை. "மண்ணு மாதிரி இருக்கு" என்று அப்பா முணுமுணுப்பார். அத்தை ஒரு பார்வை பார்ப்பார். தட்டு காலியாகும்.

வெள்ளிக்கிழமை மாலை அப்பா என்னை மேட்டுக்கு அழைத்துப் போனார். மேகங்கள் ஆரஞ்சு நிறத்தில் மிதந்துகொண்டிருந்தன. நான் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன். பார்வையை இறக்கியபோது அப்பா பாதி மேடு ஏறியிருந்தார், பாடிக்கொண்டே!

"அப்பா, கொஞ்சம் நில்லுங்க!" என்று கத்தினேன். "எனக்கு மூச்சு வாங்குது!"