மூச்சுவிடும் துப்பாக்கி

கடற்குகையின் வாயிலில் தொம்மையின் கையிலிருந்த கயிறு வெடுக்கென்று ஆடியது.

"அக்கா, அத்தான் கூப்பிடுதாரு!"

"பேசாம இழுலே!" என்றாள் சலேத்து.

கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர்களின் சட்டம் அது. கயிறு அசைந்தால் கேள்வி கேட்காமல் இழுக்க வேண்டும். அதனால்தான் குளிப்பவனின் கயிற்றை அவன் மனைவியின் உடன்பிறந்தவனிடம் கொடுப்பார்கள். அக்காளின் தாலி அந்தக் கையில் இருக்கிறது, அது தளராது.

தொம்மை இழுத்தான். ஏதோ சிக்கியது. மூச்சைப் பிடித்து இழுத்தான். குகைக்குள் கற்கள் சரியும் சத்தம்! கயிற்று நுனி வெளியே வந்தது. அதில் சலேத்துவின் கணவன் இன்னாசி இல்லை. உளுத்த மரக்கட்டை ஒன்று கட்டியிருந்தது.

"துப்பாக்கியோட கட்டை" என்றாள் ஹமீதா. "தன் இடுப்புக் கயிற அவுத்து இதுல கட்டியிருக்காரு."

கிடைத்ததை முதலில் அனுப்பிவிட்டுப் பிறகு ஏறுவது இன்னாசியின் பழக்கம். சங்குப் பைக்குத் தனிக் கயிறு உண்டு. இன்று ஒரே கயிறுதான்.

குகை இருந்த தீவில் ஒரு பறவைகூட இல்லை. நண்பகலிலும் வெளிச்சம் சாம்பலாகக் கிடந்தது. ஒவ்வொரு அலைக்கும் குகை மூச்சுவிட்டது. துஃப்... துஃப்... முன்னொரு காலத்தில் கப்பல் உடைந்து மூழ்கிய சிப்பாய்கள் உள்ளே இன்னும் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பார்கள். அவர்களுடைய துருக்கித் துப்பாக்கி ஒன்றைப் பார்க்கத்தான் ஹமீதா கீழக்கரையிலிருந்து வந்திருந்தாள். சொற்களை ஆராய்வது அவள் வேலை.

காலையில் படகில் சொன்னாள்: "நமக்குத் துப்பாக்கி. தெலுங்குல துபாகி, ஈழத்துல துவக்கு. பாரசீகத்துல துஃபங், துருக்கியில துஃபெக். ஆனா முதல்ல அதுல நெருப்பே கிடையாது. குருவி அடிக்க வாயால ஊதுற வெறும் குழல். துஃப்னு ஊதுற சத்தம்தான் பேராச்சுனு சொல்றாங்க."

"அடுப்பு ஊதுற குழலுக்கா இம்புட்டு தூரம்?" என்று இன்னாசி சிரித்தான்.

இப்போது அந்தச் சிரிப்பு, சரிந்த கற்களுக்கு அப்பால் குகைக்குள் அடைபட்டிருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

துஃப்.

சலேத்து கையை உயர்த்தினாள். "அலைக்கு ஒண்ணு. சரி. அலை ஓஞ்ச பொறவும் ஒண்ணு கேக்குதே, அது யாருது?"

"சிப்பாய்தான்க்கா! போகாத!" தொம்மை குறுக்கே வந்து நின்றான்.

"சிப்பாயோ உங்கத்தானோ, பாத்துட்டு வாரேன்."

கடற்பாசி எடுக்க மூழ்கிப் பழகிய உடம்பு அவளுடையது. கயிற்றை இடுப்பில் கட்டினாள்.

"உனக்கு நான் பிடிக்கக் கூடாதுக்கா. உன் நாத்தனாருல்ல பிடிக்கணும். முறை அதுதான்."

"அப்ப நான் நாத்தனாரா இருந்துட்டுப் போறேன்" என்று ஹமீதா கயிற்றை வாங்கிக்கொண்டாள். "நீ எனக்குப் பின்னால பிடி."

"ஒருக்கா ஆட்டுனா இழுக்காதீங்க" என்றாள் சலேத்து. "நீங்களும் ஒருக்கா ஆட்டுங்க. அதுக்கு நான் பதில் ஆட்டுனா மட்டும் இழுங்க."

நீந்தி உள்ளே போனாள். இருட்டு. கழுத்தளவு தண்ணீர். கை தடவிய இடமெல்லாம் வழுக்கியது. சரிந்த கற்குவியலில் விரல்கள் ஏதோ ஒரு வட்டத்தைத் தொட்டன. இரும்பு. குளிர்ந்த குழல். அடுத்த கணம் உள்ளங்கையில் வெதுவெதுப்பான காற்று மோதியது.

துஃப்!

கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டாள். பிறகு இரும்பில் மூன்று தட்டுத் தட்டினாள். உள்ளிருந்து மூன்று தட்டு!

கற்களுக்கு அப்பால் இன்னாசியின் முகம் தண்ணீருக்குள் போய்விட்டிருந்தது. இடுக்கில் சிக்கி நின்ற துப்பாக்கிக் குழல் வழியேதான் அவன் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தான். அவள் பக்கத்தில் குழலின் வாய் தண்ணீருக்கு மேல் நான்கு விரற்கடைதான் இருந்தது. அடுத்த அலை அதையும் மூடிவிடும்.

குழலைத் தொடாமல் அடிக்கல்லைத் தேடினாள். இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அதில் சுற்றினாள். ஆட்டினாள். கயிறு திரும்ப ஆடியது. பதிலுக்கு ஆட்டினாள்.

கல் நகர்ந்தது. குவியல் இடிந்தது. குழல் நழுவி ஆழத்துக்குள் போயிற்று. ஒரு கை அவள் கூந்தலைப் பற்றியது. பற்றிய கையோடு அவனை வெளிச்சத்துக்கு இழுத்து வந்தாள்.

படகில் இன்னாசி நெடுநேரம் இருமினான். பிறகு ஹமீதாவைப் பார்த்தான். "ஒங்க துப்பாக்கி போயிருச்சும்மா."

"போகட்டும்ணே. அது தன் பழைய வேலையச் செஞ்சிருச்சு."

"ஒண்ணு மட்டும் வெளங்கல." அவன் குரல் தணிந்தது. "நான் ஊதும்போதெல்லாம் எனக்குப் பின்னால, உள்ளுக்குள்ளயிருந்தும் ஒண்ணு ஊதிச்சு."

தொம்மை துடுப்பை வேகமாகப் போட்டான்.

கரையில் மணலில் கால் வைத்ததும் சலேத்து கயிற்றைச் சுருட்டித் தம்பி தோளில் போட்டாள். அவர்கள் படகில் இப்போது சட்டம் வேறு: கயிறு ஆடினால் முதலில் திரும்ப ஆட்டிக் கேட்க வேண்டும். பதில் வந்த பிறகுதான் இழுக்க வேண்டும்.

அந்தக் குகையில் மட்டும் யாரும் கயிற்றை ஆட்டிக் கேட்டுப் பார்ப்பதில்லை. உள்ளிருந்து பதில் சொல்வது யாரென்று தெரியாதே.