பார்க்காதே, மெரின்!

ரெனேயின் உடல் சமையலறைத் தரையில் குப்புறக் கிடந்தது.

மேஜை மேல் டீ. இன்னும் ஆவி பறந்தது!

பின்பக்கம் கட்டியிருந்த அவளுடைய அலுமினியப் படகைக் காணோம்...

டிடெக்டிவ் மல்கேஹி அங்கிருந்தே மின்சாரக் கம்பெனிக்கு ஃபோன் போட்டார்.

"மெரின்! டாரில் ரெனேயை முடிச்சுட்டான். அடுத்தது உங்க தங்கச்சிதான்!"

ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் ஆபீஸில், கம்பெனியின் டேட்டாபேஸைக் கட்டி மேய்க்கும் மெரின் நாற்காலியை விட்டு எழுந்தாள். ரெனே, டாரிலின் முதல் மனைவி. தங்கை ப்ரான்ட்டி இரண்டாவது. அவனிடமிருந்து தப்பி, இங்ஹாமில் தனித்தனி வீட்டில், ஒருத்திக்கு ஒருத்தி துணையாக ஒளிந்திருந்தவர்கள்.

"ரெனே வீடு அவனுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"உங்க கம்பெனிதான் சொல்லுச்சு! புயலுக்காகத் தற்காலிக ஆளுங்களை அள்ளிப் போட்டீங்களே... எவனோட பாஸ்வேர்டோ டாரில் கையில இருக்கு. எவனோடதுன்னு தெரியலை. ரெனே நேத்து கரண்ட் இல்லைன்னு புகார் குடுத்தா. இன்னைக்குப் பொணம்!"

மெரின் தங்கையை அழைத்தாள்.

"ப்ரான்ட்டி! நீ கரண்ட் புகார் ஏதாச்சும் குடுத்தியா?"

"காலைல குடுத்தேன்க்கா. ஃப்ரீசர்ல வச்ச மீனெல்லாம் நாறுது..."

"சொந்தப் பேர்லயா?"

"ஐயோ!"

"வீட்டை விட்டு ஓடுடி!"

"எங்க ஓட? வாசப்படி வரைக்கும் தண்ணி. கரும்புக் கொல்லையே முங்கிப் போச்சுக்கா..."

மெரின் கம்பெனிப் பதிவிலிருந்து தங்கையின் விலாசத்தை அழித்தாள். ஒரே தட்டு!

லைனில் காத்திருந்த மல்கேஹியிடம் சொல்லிவிட்டுத் திரையில் தேடிப் பார்த்தாள்.

விலாசம் அப்படியே இருந்தது!

"அழிச்சாச்சுன்னீங்க? இப்ப இருக்குங்கறீங்க!" மல்கேஹி சீறினார்.

"அசல்ல அழிச்சாச்சு. ஒவ்வொரு தடவையும் அசலைத் தோண்டினா ஸ்க்ரீன் நத்தையா ஊரும். அதனால ஒருத்தர் கேட்டதை நகல் எடுத்துக் கைப்பக்கம் வச்சுக்குவோம். இது அந்த நகல். பத்து நிமிஷத்துல தானாப் போயிடும்."

"இப்பவே தூக்குங்க!"

"ஒண்ணை மட்டும் தூக்க வழி வைக்கலை. வேகம், வேகம்னு உயிரை வாங்கினாங்க! அழிச்சா எல்லா நகலையும் அழிக்கணும்."

மேனேஜர் க்ரெய்க் பதறிக்கொண்டு வந்தார்.

"மொத்தமாவா? வடக்கு க்வீன்ஸ்லாந்தே கரண்ட் எப்ப வரும்னு பாத்துக்கிட்டிருக்கு! அத்தனை பேரும் அசல் மேல விழுந்தா சிஸ்டம் படுத்துடும். ஆஸ்பத்திரி புகார்கூட வராது. அனுமதி கிடையாது! பத்து நிமிஷம்தானே, பொறு."

பொறுத்தாள்.

பார்த்தாள். இருந்தது.

மறுபடி பார்த்தாள். இருந்தது...

பத்து நிமிடம் கடந்தது. பார்த்தாள். இருந்தது!



"மல்கேஹி... நான்தான்! யாராச்சும் பாத்தா நகலோட ஆயுசு புதுசாப் பத்து நிமிஷம் நீளும். அடிக்கடி கேக்கறது கைப்பக்கமே இருக்கட்டும்னு நானே வச்ச விதி. போச்சா, போச்சான்னு பாத்துப் பாத்தே சாக விடாம வச்சிருக்கேன்!"

"கையை எடுங்க! பாக்காதீங்க!"

சூடு பட்டது போலக் கையை இழுத்துக்கொண்டாள். அப்புறம், யார் யார் பார்த்தார்கள் என்ற பதிவை மட்டும் திறந்தாள்.

அவள். அவள். அவள்...

கடைசியாகப் பார்த்தது அவள் இல்லை! யாரோ ஒரு தற்காலிக ஆளின் பேர்.

"இப்பதான் பாத்திருக்கான்! நான் சும்மா இருந்திருந்தா அவனுக்கு வெறும் திரைதான் கிடைச்சிருக்கும்..." மெரின் வாய்விட்டு அழுதாள்.

மல்கேஹி வயர்லெஸ்ஸில் போலீஸ் படகை விரட்டினார்.

இன்னொரு ஃபோன் ஒலித்தது. ப்ரான்ட்டி!

"அக்கா, படகு சத்தம் கேக்குது! நீ அனுப்பின போலீஸ் வந்துட்டாங்க. கதவைத் திறக்கறேன்..."

"மல்கேஹி, உங்க படகா?"

"என்னை இறக்கிவிட்ட ஹெலிகாப்டர் போயிடுச்சு. படகு இன்னும் வந்தே சேரலை..."

"திறக்காதடி!"

தாழ்ப்பாள் சத்தம். ஓர் அலறல். அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது.

மெரின் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

க்ரெய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். வாயெல்லாம் பல்.

"மெரின்! பிரிஸ்பேன் ஹெட் ஆபீஸ்லேருந்து பாராட்டு! இந்தப் புயல்லயும் யார், யாரைத் தேடினாலும் கண்ணிமைக்கறதுக்குள்ள கிடைச்சுடறாங்களாம்!"