ஒரு கை கிரீஸ்

ஒரு கை கிரீஸ் போதும். கூடிப்போனால் ஒன்றரைக் கை. லாரி எஞ்சினின் கிராங்க் தண்டு முனையில் இருக்கும் குழி கட்டைவிரல் நுழையும் அளவுதான். அதன் வாயில் பேரிங் இறுகி உட்கார்ந்திருக்கும். பின்னால் விரலை விட்டு நெம்ப இடமிருக்காது. அதனால் குழி நிறையக் கிரீஸை அடைத்து, பேரிங் ஓட்டைக்குச் சரியான இரும்புத் தண்டைச் சொருகி, சுத்தியலால் அடிக்க வேண்டும். ஒதுங்க வழியில்லாத கிரீஸ் பின்னாலிருந்து முட்டிப் பேரிங்கை வெளியே தள்ளிவிடும். இருபது வருஷமாக மெக்கானிக் கண்ணாயிரம் இப்படித்தான் கழற்றிவந்தான். இன்றைக்கு அரை டப்பா உள்ளே போய்விட்டது, குழி நிறையவில்லை.

எங்காவது கசிகிறதா என்று குனிந்து பார்த்தான். தரையில் ஒரு சொட்டு இல்லை. எண்பத்து நாலாம் வருஷத்துச் சித்திரை. உச்சி வெயிலில் தகரக் கூரை நெளிந்து சடசடத்தது. கச்சிராயபாளையம் சாலையில் ஒரு சைக்கிள்கூட இல்லை. கானலுக்கு அப்பால் கல்வராயன் மலை கரைந்து தெரிந்தது. லாரியிலிருந்து இறக்கிய எஞ்சின் பலகை மேல் கிடந்தது. டீசல் வாடையோடு இன்னொரு வாடையும் கொட்டகைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. நாள் முழுக்கச் சாப்பிடாதவன் வாயிலிருந்து வருமே, அது. குழியிலிருந்துதான் வந்தது.

மறுபடி அடைத்தான். தண்டை வைத்து அடித்தான். இரும்பு இரும்பாக ஒலிக்கவில்லை. உள்ளே மடக் என்றது. இன்னொரு அடி. மடக். ஆள் விழுங்கும் சத்தம் அது என்று தெரிந்தும், தெரியாததுபோல அடித்துக்கொண்டே இருந்தான்.

இந்தப் பேரிங் இன்றைக்குக் கழன்றே ஆகவேண்டும். கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் அது கத்துகிறது என்றுதான் லாரி முதலாளி தங்கதுரை வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தார். அவருக்கு அது வெறும் தேய்மானச் சத்தம். கண்ணாயிரத்துக்கு அது வேடியப்பனின் குரல்.

ஒரு மாசத்துக்கு முன்னால் மலை வளைவில் இதே லாரியை ஓட்டிப் பார்த்தவன் கண்ணாயிரம். மரவள்ளி மூட்டை ஏற்ற வந்திருந்த வேடியப்பன் சக்கரத்துக்குக் கல் வைக்கப் பின்னால் போனான். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பூட்ட மறந்திருந்தான் கண்ணாயிரம். வண்டி உருண்டு ஆளின் இடுப்பில் ஏறி நின்றது. உடனே சாகவில்லை. தண்ணீர் கேட்டான், பிறகு பசிக்கிறது என்றான். பிழைத்தால் பேசுவான். அதனால் கண்ணாயிரம் கேபினில் ஏறிக் கண்ணாடியை மூடிக்கொண்டு, குரல் அடங்கும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தான். நடுவில் அவனுக்கும் பசித்தது. சீட்டில் இருந்த வேடியப்பனின் தூக்குச்சட்டியைத் திறந்து களியைத் தின்றான். வேடியப்பன் குடித்துவிட்டு வண்டிக்கடியில் படுத்திருந்தான், உயிர் அப்போதே போய்விட்டது என்று ஊருக்குச் சொன்னான்.

டப்பா காலியானது.

நிமிர்ந்தபோது வாசலில் வேடியப்பனின் பெண்டாட்டி இருசம்மாள், இடுப்பில் மண்சட்டியோடு நின்றிருந்தாள். எப்போது வந்தாளோ.

"இன்னாம்மா, இங்க வந்து நின்னுகினு இருக்கே?"

"முப்பதாம் நாளுங்க. அவருக்குப் படைக்கணும். அவரு மேல ஏறுன வண்டி இங்கதான் நிக்கிதுன்னாங்க."

"வேலை நடக்குது. அப்பறமா வா."

அவள் போகவில்லை. சட்டியை இறக்கி வைத்தாள். சுடச்சுடக் கேழ்வரகுக் களி. கண்ணாயிரத்தின் பார்வை அதிலேயே நின்றது. கிரீஸ் தீர்ந்தால் களிமண், ஊறவைத்த காகிதம் என்று எதையாவது அடைப்பது வழக்கம்தான். களியும் அடைக்கும்.

"அதுல கொஞ்சம் குடு."

"இன்னாத்துக்குங்க?"

"இந்தக் குழியில வைக்க."

இருசம்மாள் குழியைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "வையுங்க, அவருக்குன்னுதான் கொண்டாந்தேன்" என்று முதல் உருண்டையைத் தானே உருட்டிக் கொடுத்தாள்.

வைத்தான். அடித்தான். மடக். இன்னொன்று. மடக். இப்போது அடிப்பதற்கு முன்பே உள்ளே போனது. அவள் உருட்ட உருட்ட அவன் வைத்தான். நிறுத்த நினைத்தும் கை நிற்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்கியது. பேரிங் மயிரளவும் நகரவில்லை.

"தூக்குச்சட்டி காலியா வூட்டுக்கு வந்துச்சிங்க. சாப்ட்டுட்டுத்தான் செத்தாருன்னு மனசைத் தேத்திக்கினேன். மூணு நாளா கனவுல வந்து பசிக்கிது இருசாங்கறாரு. அன்னைக்குக் களியை யாருங்க துன்னது?"

கண்ணாயிரம், களி எங்கேதான் போகிறது என்று பார்க்கிறவன்போல ஆள்காட்டி விரலைக் குழிக்குள் விட்டான்.

உள்ளே சூடாக இருந்தது. ஈரமாக இருந்தது. எதுவோ விரலில் ஒட்டியிருந்த களியைச் சுத்தமாக நக்கியது.

இழுத்தான். வரவில்லை. பேரிங் மோதிரம் மாதிரி பிடித்திருந்தது. காலை எஞ்சினில் ஊன்றி இழுத்தான். விரல் வெளியே வரவில்லை. அடுத்த விரலும் உள்ளே போனது. கட்டைவிரல் மட்டுமே நுழையும் குழி. மூன்றாவது விரல். உள்ளங்கை. எலும்பு மடங்கும் சத்தம் கேட்டது. வலி பிறகுதான் வந்தது.

"நான்தான்மா. நான்தான் துன்னேன். உசிரோடதான் இருந்தான். கூப்ட்டுக்கினே இருந்தான். நான் எறங்கலை."

"தெரியுமுங்க."

"வுடச் சொல்லும்மா. போதும்னு சொல்லு."

இருசம்மாள் சட்டியைக் கவிழ்த்துக் காட்டினாள். ஒரு பொட்டுக் களிகூட இல்லை.

"பரிமாறுறவ போதும்னு சொல்லக்கூடாதுங்க. துன்னுறவருதான் சொல்லணும்."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு எஞ்சினுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். புருஷன் சாப்பிடும்போது உட்காருவது போலவே உட்கார்ந்து, முந்தானையால் ஈ ஓட்டினாள். குழிக்குள் கண்ணாயிரத்தின் கை முழங்கைவரை போயிருந்தது.