யார் வைத்த ஆள்

அப்பாவுக்குத் துணையாக வீட்டோடு ஆள் வைப்பதா வேண்டாமா என்ற பேச்சை நானும் அண்ணனும் ஒரு வருடம் ஜவ்வாக இழுத்தோம். அடுப்பில் வைத்த பாத்திரம் கருகியபோது, வயதானால் மறதி சகஜம்தானே என்றோம். குழாயைத் திறந்துவிட்டு அவர் தூங்கிப்போய், கீழ்வீட்டுக் கூரை ஒழுகியபோது குழாயைக் குறை சொன்னோம். ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்து, இரண்டு மணி நேரம் ஈரத் தரையிலேயே கிடந்தார். அப்போதும் அடுத்த மாதம் ஒரு முடிவுக்கு வரலாம் என்றோம். தள்ளிப்போடுவதில் மட்டும் எங்கள் குடும்பத்தில் கருத்து வேறுபாடே கிடையாது.

அண்ணன் வேறு ஊர். மாதத்துக்கு ஒருமுறை வருவான். நான் இதே ஊரில், ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் சூப்பர்வைசர். ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு அப்பாவைப் பார்க்கப் போவேன்.

அவர் விழுந்த மூன்றாவது வாரம் போனபோது, மழுங்கச் சவரம் செய்த முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மாத்திரைகள் வேளைவாரியாகப் பிரித்து வைத்திருந்தன. படுக்கை விரிப்பின் நான்கு மூலைகளும் மெத்தைக்கடியில் சாய்வாக மடித்துச் செருகியிருந்தன. வார்டில் பழகிய கைக்குத்தான் அந்த மடிப்பு வரும். அண்ணன் யாரையோ ஏற்பாடு செய்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு லீவு போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்பாடா என்றிருந்தது.

போன் செய்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால், "ஆள் நான் வச்சாச்சு, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதெல்லாம் இனிமே உன் பொறுப்பு" என்பான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வானேன் என்று சும்மா இருந்துவிட்டேன்.

ஐந்து மாதம் அப்படியே ஓடியது.

போன ஞாயிறு, அடுத்தடுத்து இரண்டு ஷிப்டு முடித்துவிட்டு நேராக அப்பா வீட்டுக்குப் போனேன். மதியம் மூன்று மணி. தெருவில் நல்ல வெயில். படியேறும்போது அண்ணன் போனில் வந்தான்.

"நானே சொல்லணும்னு இருந்தேன். நீ வச்ச ஆள் அப்பாவை நல்லாப் பாத்துக்கிறாங்க. முன்னாடியே கேட்டிருப்பேன். கேட்டா என் தலையில வேற எதையாவது கட்டிடுவியோன்னு கம்முனு இருந்துட்டேன்." சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அண்ணா, நான் யாரையும் வைக்கலையே. நீ வச்ச ஆளுன்னுல்ல நினைச்சுட்டிருக்கேன்."

அவன் பக்கத்தில் ஓடிய டிவியை அணைத்தான். பிறகு மெதுவாக, "விளையாடாதே" என்றான்.

அந்த வீட்டுக்குச் சாவி இரண்டே இரண்டு. ஒன்று அவனிடம், ஒன்று என்னிடம். விழுந்ததிலிருந்து அப்பாவுக்குக் கதவுத் தாழ்ப்பாளைத் திறக்கக்கூடக் கையில் தெம்பில்லை.

போனை வைத்துவிட்டுக் கதவைத் திறந்தேன். உள்ளே ஈரத் துணி வாடையும் கிருமிநாசினி வாடையும் கலந்து அடித்தன. நாள் முழுக்க நான் வேலை செய்கிற இடத்தின் வாடை. ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. சமையலறையில் யாரோ பாத்திரத்தை மெல்லக் கீழே வைத்தார்கள்.

எட்டிப் பார்த்தேன்.

யாரும் இல்லை. கழுவிக் கவிழ்த்த கிண்ணத்திலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அப்பா கட்டிலில் இருந்தார். தலை சீவி, பவுடர் போட்டு, சட்டைப் பித்தான்களைக் கழுத்துவரை மாட்டி. அவர் காதருகே குனிந்தேன்.

"அப்பா, உங்களை யாருப்பா பாத்துக்கிறது?"

"நீங்க அனுப்பின பொண்ணு."

"ஆள் எப்படி இருப்பா?"

"மூஞ்சியை எங்க காட்டுறா? எப்பப் பாரு பின்னாடியே நிப்பா." அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். "எழுந்து நிக்க விட மாட்டேங்கிறாம்மா. தோளைப் பிடிச்சு அழுத்தி உக்கார வச்சிடுறா. என்னை உன்கூட கூட்டிட்டுப் போயிடேன். ஒரு மூலையில கிடந்துக்கிறேன்."

ஐந்து மாதமாக இதைச் சொல்லத்தான் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நானோ ஒவ்வொரு தடவையும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இப்பவே போறோம்ப்பா," என்றேன்.

டாக்ஸிக்குச் சொன்னேன். இருபது நிமிடம் ஆகும் என்றார்கள். அப்பாவின் துணிகளையும் மாத்திரைகளையும் ஒரு பையில் அடைத்தேன். குனிந்து நிமிர்ந்தபோது கண் இருட்டியது. முந்தைய நாள் மதியத்துக்குப் பிறகு வயிற்றில் எதுவும் போகவில்லை என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. கட்டிலுக்கு எதிரே இருந்த நாற்காலியில், வண்டி வரும்வரை என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கண்ணை மூடக்கூடாது என்று நினைத்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

தெருவில் ஹாரன் சத்தம் கேட்டு விழித்தேன். என் கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு கட்டியிருந்தது.

வாய்க்குள் ஏதோ வெதுவெதுப்பாக இருந்தது.

பாலில் ஊறவைத்த ரொட்டி. சர்க்கரை அளவாகப் போட்டிருந்தது.

எதிரே அப்பா, கண்ணில் நீர் வழிய, என் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி வந்துடுச்சும்மா," என்றார் கிசுகிசுப்பாக. "எழுந்திரு. தயவுசெஞ்சு எழுந்திரு."

எழப் பார்த்தேன். தோளில் ஒரு கை இருந்தது. அழுத்தவில்லை. சும்மா வைத்திருந்தது, அவ்வளவுதான். உதறியிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கணத்தில் உதறியிருக்க முடியும். பயமும் இருந்தது. ஆனால் அதற்கும் மேலே, உடம்பெல்லாம் இறங்கும் ஒரு நிம்மதி. சாப்பிட்டாயா என்று என்னை யாராவது கேட்டு எத்தனை வருடம் ஆகிறது.

ஹாரன் மறுபடியும் அடித்தது. போன் அடித்தது, ஓய்ந்தது. கொஞ்ச நேரத்தில் வண்டி திரும்பிப் போகும் சத்தம் கேட்டது.

அப்பா கண்களை மூடிக்கொண்டார்.

பின்னாலிருந்து ஸ்பூன் வந்தது. நான் வாயைத் திறந்தேன். விழுங்கி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்து, துண்டின் நுனியால் என் உதட்டோரத்தைத் துடைத்துவிட்டாள்.