பதினேழுதான் இருக்கு!

மூன்று நாள் மழையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்துக்குப் பின்னால் மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது. அங்கிருந்த எல்லாரையும் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவரும் வேலையை ஏலப்பாறைத் தொண்டர் சங்கம் ஏற்றுக்கொண்டது.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு. ஜீப்பில் ஆட்களை ஏற்றி வர, பெரியமுத்து அண்ணனின் வண்டிக் குழு. பெயர் எழுத, மத்தியாஸ் அண்ணனின் பதிவுக் குழு. கஞ்சி காய்ச்ச ஒரு குழு. சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் குழுவுக்கு ஆறாம் வகுப்பு சிவசங்கரிதான் கன்வீனர். சண்டை போட்டு வாங்கிய பதவி!

அவள் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து எண்ணினாள். பதினேழு. பதிவு நோட்டிலோ பதினெட்டு. மறுபடி எண்ணினாள். பதினேழுதான்.

நோட்டைப் பார்த்துப் பெயர் பெயராகக் கூப்பிட்டாள். "சுஜின்!"

வட்டத்தில் அவன் இல்லை.

சுஜினுக்கு ஐந்து வயது. அவனுடைய அம்மா உள் அறையில் கைக்குழந்தையைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சுஜின் எங்க?"

"அவங்க அப்பாகூட ரெண்டாவது ஜீப்புல வந்தானே!"

சிவசங்கரி அடுப்படிக்கு ஓடினாள். அவனுடைய அப்பா சுருளிவேல் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"எங்கூட வரலையே, தாயி. அம்மாகூட மொத ஜீப்புல வந்திருப்பான்."

சிவசங்கரி திரும்ப ஓடினாள். விஷயம் தெரிந்ததும் பெரியவர்கள் கூடிவிட்டார்கள்.

"எழுதும்போது ஆளைப் பாக்க வேண்டாமா?" என்று கத்தினார் பெரியமுத்து.

"நான் ரேஷன் கார்டைப் பாத்து எழுதுனேன். எண்ணி ஏத்துறது வண்டிக் குழு வேலை!" என்றார் மத்தியாஸ்.

"எங்க வேலையை நீ சொல்லாத!"

"அண்ணே!" சிவசங்கரியின் குரல் கிறீச்சிட்டது. "சண்டையைப் பொறவு போடுங்க. சுஜின் இன்னும் மேலதான் இருக்கான்!"



பெரியமுத்து ஜீப்பில் தாவி ஏறினார். "தண்ணி ரோட்டுக்கு ஏறுதே. லயம் பூரா தேட நேரமில்ல. எங்கேன்னு போயி பாக்க?"

சிவசங்கரி கண்ணை மூடி யோசித்தாள். சாயங்காலம் பள்ளி விட்டுப் போகும்போதெல்லாம் சுஜினைப் பார்ப்பாள். கொழுந்தெடுத்துவிட்டு அம்மா வரும்வரை ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருப்பான். விளையாடக் கூப்பிட்டால்கூட இறங்கி வரமாட்டான்.

"அங்கன்வாடிப் படியில பாருங்கண்ணே! அம்மாவைக் காணலைன்னா அங்கதான் போவான்."

சுருளிவேலும் ஏறிக்கொள்ள, ஜீப் சேற்றை வாரியடித்தபடி பறந்தது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மலைமேல் எங்கோ மரம் முறியும் சத்தம் கேட்டது. சுஜினின் அம்மா சிவசங்கரியின் கையை இறுகப் பிடித்தார். விரல்கள் வலித்தன. அவள் கையை இழுக்கவில்லை.

இருபதாவது நிமிடம் ஹாரன் சத்தம்!

"படியிலதான் உக்காந்திருந்தான்!" பெரியமுத்து வண்டியிலிருந்தே கத்தினார். "தோள்ல பை வேற!"

அப்பாவின் கையிலிருந்து நழுவி இறங்கினான் சுஜின். தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். அம்மா ஓடிவந்து அவனை வாரி எடுத்து அழுதார். பெரியமுத்தும் மத்தியாஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

சுஜினுக்கு மட்டும் கோபம் தீரவில்லை. அம்மாவின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"ஏம்மா, இன்னைக்கு இவ்வளவு லேட்டு?"

அன்று முழுவதும் சிரிக்காமல் இருந்த சிவசங்கரி அப்போதுதான் சிரித்தாள்.