ஓர்சான் முற்றுகையில் இடம் மாறிய குதிரைகள்

ஞாயிற்றுக்கிழமை காலை வீரமணி வந்து வாசலில் நின்றபோது, நிர்மலாதேவி தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த ஒரு லாரியின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். விபத்தில் சிக்கிய வண்டிகளைப் பரிசோதித்து, அடி எங்கே விழுந்தது, எப்படி விழுந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதித் தரும் சர்வேயர் அவர். படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டியவன் உதவியாளன் தமிழ்மணி.

"இது வேணாம். டிரைவர் வண்டி பக்கத்துல நின்னு எடுத்த செல்ஃபி. வேற போட்டோ அனுப்பச் சொல்லு."

"அடி நல்லாத் தெரியுதே மேடம்?"

"தெரியுது. இருந்தாலும் வேணாம்."

தமிழ்மணி தோளைக் குலுக்கிவிட்டு அந்தப் படத்தை அழித்தான். அப்போதுதான் இருவரும் வீரமணியைக் கவனித்தார்கள். பாலக்கோட்டில் ஒரு தக்காளி மண்டியில் வேலை செய்பவன். போன வருடம் மண்டியின் மினி லாரி மோதியபோது நிர்மலாதேவிக்கு எல்லா விவரமும் ஒளிவில்லாமல் சொன்னவன். இன்றைக்கு அவன் முகம் தூங்காத முகமாக இருந்தது.

"எந்த வண்டி?" என்றார் நிர்மலாதேவி.

"வண்டி இல்லீங்க மேடம். குதிரை."

தமிழ்மணி சிரித்துவிட்டான். வீரமணி சிரிக்கவில்லை. உட்காரச் சொன்னதும் சொல்ல ஆரம்பித்தான்.

அவனும், கோகிலவாணி என்ற டியூஷன் ஆசிரியையும், முனிராஜ் என்ற தச்சரும் சேர்ந்து இரண்டு வருடமாக ஒரு பேரரசை உண்டாக்கி வருகிறார்கள். குர்மால் என்று பெயர். எந்த வரைபடத்திலும் இல்லாத நாடு. முடிவே இல்லாத புல்வெளி. அதில் அலையும் வணிகர்கள். அதை மேசையில் பரப்பி, மரக்குதிரைகளையும் குதிரை பூட்டிய வண்டிகளையும் நகர்த்தி, வாராவாரம் விளையாடுகிறார்கள். கோகிலவாணி பேரரசின் பக்கம். வீரமணி அதைத் தாக்கும் தோவர் கூட்டம். முனிராஜ் குதிரைகளைச் செதுக்கியவர்; ஆட்டத்துக்கு நடுவரும் அவரே.

"புல்வெளின்னா, சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?" என்றார் நிர்மலாதேவி. அவருக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஒண்ணும் விளையாதுங்க. அதனாலதான் வியாபாரம். உப்பும் கம்பளியும் கொண்டுபோயி தானியம் வாங்குவாங்க. உப்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணா மீறக்கூடாது. வண்டிக்காரன் அடுப்பு மூட்டிட்டா, அந்த அடுப்பு அணையிற வரைக்கும் எதிரியும் அவனத் தொடக்கூடாது. எல்லாம் கோகிலா போட்ட சட்டம்."

"பொய் சாட்சி சொன்னா?"

வீரமணி ஒரு கணம் அவரைப் பார்த்தான். "தெரிஞ்சு சொன்னாலும் தெரியாம சொன்னாலும், யார் மேல பழி போட்டானோ அவன் குதிரைக்குத் தன் கையால தண்ணி வைக்கணும். நாலு பேர் பாக்க."

"நல்ல சட்டம். மேல சொல்லு."

குர்மால்காரர்கள் மூன்று தலைமுறையாக மதில் கட்டவில்லை. நான்காவது அரசன் ஓர்சான் என்ற நகரத்தைக் கட்டி, சுற்றிலும் மதிலை எழுப்பினான்.

"அன்னைக்கே எங்க ஆளுங்களுக்கு வழி கெடச்சிடுச்சுங்க. அதுவரைக்கும் எங்க போயி அடிக்கிறதுன்னே தெரியாது," என்றான் வீரமணி. அவன் முகத்தில் முதல்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. "நாங்க மதிலச் சுத்தியே குதிரைய ஓட்டுவோம். மதில் எப்பவும் எங்க இடது கைப் பக்கம். ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

வீரமணி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக் குதிரை போல் ஏறி உட்கார்ந்தான். இடது கையை வில்லாக நீட்டி, வலது கையால் நாணை இழுத்தான். "இடது பக்கம் அம்பு விடலாம். வலது பக்கம் விடணும்னா உடம்பு திரும்பாதுங்க." தமிழ்மணியும் தன் நாற்காலியில் அப்படியே ஏறி முயன்று, வலப்பக்கம் திரும்பப் போய் மேசையில் முழங்கையை இடித்துக்கொண்டான்.

"இப்ப உன் மேல விழுந்த பழி என்னன்னு சொல்லு," என்றார் நிர்மலாதேவி.

வெளிச்சம் அணைந்தது. ஓர்சானில் ஒரே ஒரு பலவீனமான இடம், உப்பு வாசல். மேசை இருக்கும் அறையின் கதவிலிருந்து பார்த்தால் நகரத்தின் வலப்பக்கம் இருக்கிறது. போன வாரம் ஆட்டத்தை நிறுத்தியபோது கோகிலவாணியின் வணிக வண்டிகள் வலப்பக்கம், உப்பு வாசலுக்கு முன்னால் காவலாக நின்றன. வீரமணியின் குதிரைகள் இடப்பக்கம். நேற்று மாலை வந்து பார்த்தால் குதிரைகள் வலப்பக்கம் நிற்கின்றன, வண்டிகள் இடப்பக்கம். ஒரே நகர்வில் வாசல் விழுந்துவிடும்.

"வெள்ளிக்கிழமை சாயந்தரம் நான் மட்டும் தனியா போனன். ஒரு குதிரைக்குக் கால் விட்டுப்போச்சு, பசை வெச்சு ஒட்டிட்டு, மண்டிக்கு நேரமாச்சுன்னு வேற எதையும் பாக்காம ஓடி வந்துட்டன். வெள்ளிக்கிழமை காலைல எல்லாம் சரியா இருந்துச்சுன்னு தீர்த்தகிரி சாரே சொல்றாரு. ஆட்டம் நடக்கிற டியூஷன் சென்டர் அவரோடது. சாவியும் அவர்கிட்டதான். அவரு பொய் சொல்ற ஆளே இல்லீங்க. இன்னைக்கு சாயந்தரம் என்னைய ஆட்டத்துலருந்து நீக்கப் போறாங்க." அவன் குரல் தணிந்தது. "மண்டியில நான் தக்காளி கிரேடுப் பெட்டி தூக்கற ஆளு. அங்கதான் மேடம் நான் ஒரு படைக்குத் தலைவன்."

நிர்மலாதேவி எழுந்தார். "தமிழ்மணி, அந்த சாருக்கு போன் போடு. அறையைப் பாக்கணும். யாரும் எதையும் தொட வேணாம்னு சொல்லு."

தமிழ்மணி எண்ணைப் பதிந்ததும் தீர்த்தகிரியின் வாட்ஸப் படம் திரையில் வந்தது. ஐம்பது வயதுக்காரர், சட்டைப் பையில் சிவப்புப் பேனா, பின்னால் பச்சைக் கம்பளி விரித்த மேசை. "இந்த மேசைதான் போல மேடம்!" என்றான். நிர்மலாதேவி போனைக் கையில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். பேனா வலது மார்பில் இருந்தது.

*

பாலக்கோட்டில் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது டியூஷன் சென்டர். பின் அறையில் எல்லோரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். முனிராஜ் சபரிமலைக்கு மாலை போட்டு, கறுப்பு வேட்டியில் இருந்தார். கோகிலவாணி கைகளைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். தீர்த்தகிரி கணக்கு வாத்தியாருக்கு உரிய நிமிர்வோடு அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதே சிவப்புப் பேனா அவருடைய இடது மார்பில் இருந்தது.

மேசை பெரியது. பச்சைக் கம்பளியைத் தவிர அதில் ஆறு இல்லை, மலை இல்லை, ஒரு மரம்கூட இல்லை. நடுவில் சிமென்டில் வார்த்த வட்டமான நகரம். தமிழ்மணி தூக்கிப் பார்க்க முயன்று விட்டுவிட்டான். மதிலின் வலப்பக்க விளிம்பில் சின்ன வெள்ளைப் புள்ளி. அதுதான் உப்பு வாசல். கதவருகே நின்றால் அது கண்ணில் படவில்லை.

"ஆறு குளம் எதுவும் வைக்கலியா?" என்றார் நிர்மலாதேவி.

"புல்வெளியில என்ன மேடம் இருக்கும்?" என்றாள் கோகிலவாணி. "அடையாளம் இல்லாத நாடு. வண்டிக்காரங்க நட்சத்திரம் பாத்துதான் போவாங்க." பிறகு, யாரும் கேட்காமலே, "அவன நீக்கணும்னு எனக்கு மட்டும் ஆசையா? அவன் போயிட்டா என் பேரரசுக்கு எதிரியே இல்ல. ஆனா ஏமாத்தறவன்கூட எப்படி விளையாடறது?" என்றாள்.

வீரமணி தரையைப் பார்த்தான்.

தமிழ்மணி மேசையைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்தான். கம்பளியில் ஓரிடத்தில் மயிர் அமுங்கி, விரல்கள் பதிந்தது போல ஒரு தடம் இருந்தது. நிர்மலாதேவி அதைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். அறையில் இரண்டு டியூப்லைட். சுவரோரம் இருந்ததன் இரு முனைகளும் கறுத்திருந்தன. மேசைக்கு நேர் மேலே இருந்தது பளிச்சென்று புதிதாக எரிந்தது. கடைசியாக அவர் குனிந்து குதிரைகளின் கண் மட்டத்துக்கு வந்தார். ஒவ்வொரு வீரனும் இடது கையில் வில்லோடு கதவை நோக்கி வரிசையாக வந்துகொண்டிருந்தான். மதில் அவர்களுடைய வலப்பக்கம் இருந்தது.

தமிழ்மணியால் பொறுக்க முடியவில்லை. "மேடம், எனக்குத் தெரிஞ்சிடுச்சு! நான் சொல்லட்டுமா?"

"சொல்லு."

"இந்தக் குதிரைங்க நகரத்த வலம் வருது. கோயில் சுத்தற மாதிரி. சாமிய வலது பக்கம் வெச்சுதான சுத்துவோம்? கை தன்னால அப்படி வெச்சிருக்கு. தெனம் ரெண்டு வேளை கோயில் சுத்தற ஆளு இங்க ஒருத்தர்தான்." அவன் முனிராஜைப் பார்த்தான்.

"அட சாமி!" என்றார் முனிராஜ். "நான் கோயிலத்தான் சுத்தறன், குதிரையச் சுத்தறதில்ல. ஒவ்வொண்ணுக்கும் எந்தக் கையில வில்லுன்னு பாத்துப் பாத்துச் செதுக்கினவன் நானு. நான் வெச்சா இப்படியா வெப்பன்?"

"அவர் சொல்றது சரி," என்றார் நிர்மலாதேவி. "நீ பாத்ததும் சரி தமிழ்மணி, பாதி வரைக்கும். பழக்கத்துல கை தப்பியிருந்தா குதிரைங்க திரும்பி மட்டும்தான் நிக்கும். இங்க வண்டிங்களும் பக்கம் மாறியிருக்கு. இடது முழுக்க வலது, வலது முழுக்க இடது. சிமென்டு நகரம் மட்டும் இருந்த இடத்துலயே இருக்கு, கனமா இருந்ததால." அவர் வீரமணி பக்கம் திரும்பினார். "இவன் ஏமாத்த நெனச்சு இதச் செஞ்சிருந்தா, மதில வலது பக்கம் விட்டு, தன் ஆளுங்க ஒருத்தனும் அம்பு விட முடியாத மாதிரி நிறுத்தியிருப்பானா? அந்தப் போர்முறைய உண்டாக்கினவனே இவன்தான். தூக்கத்துல வெச்சாலும் சரியா வெப்பான்."

கோகிலவாணி மேசையருகே வந்து குனிந்து பார்த்தாள். கட்டியிருந்த அவள் கைகள் அவிழ்ந்தன. "ஆமா," என்றாள் மெல்ல. "வண்டி போச்சேங்கற கோவத்துல நான் குதிரை மூஞ்சியப் பாக்கவே இல்ல."

"அப்ப வெச்சது யாரு?" என்றான் தமிழ்மணி.

"ஆட்டம் தெரியாதவங்க. ஆனா ரொம்ப கவனமானவங்க. வரிசையில ஒரு கோணல் இல்ல பாரு." நிர்மலாதேவி தீர்த்தகிரியிடம் போய், அவர் முன் நின்றார். குரல் உயரவில்லை. "சார், நீங்க விளையாடறதில்ல. எந்தக் குதிரை எங்க நிக்கணும்னு உங்களுக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமை காலைல எல்லாம் சரியா இருந்துச்சுன்னு எத வெச்சுச் சொன்னீங்க?"

தீர்த்தகிரி மேசையைப் பார்த்தார்.

"அந்த டியூப்லைட் புதுசு. மேசை மேல ஏறாம அது எட்டாது. கம்பளியில கால் தடம் இருக்கு."

கீழே உரக்கடையில் யாரோ ஷட்டரை ஏற்றினார்கள்.

"வியாழக்கிழமை," என்றார் தீர்த்தகிரி. "லைட்டு மினுக்கு மினுக்குன்னு அடிச்சுது. எல்லாத்தையும் எடுத்து ஒரு தக்காளி கிரேடுல வெச்சிட்டு, ஏறி மாட்டினேன். எடுத்தத எடுத்த மாதிரியே திருப்பி வெச்சேன். போட்டோவப் பாத்து வெச்சேன் மேடம். போன வாரம் ஆட்டம் முடிஞ்சதும் நான் எடுத்த போட்டோ. ஸ்கேல் வெச்சு அளந்தேன், ஒரு நூல் பிசகல. மேசையில இருக்கறத எடம் மாத்தினவன் இந்த அறைக்கு வரக்கூடாதுன்னு சட்டம் போட்டதே நான்தான். சரியா வெச்சாச்சு, எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு விட்டுட்டேன். இவங்க மாறியிருக்குன்னு சொன்னப்ப, எனக்கப்புறம் யாரோ மாத்திட்டாங்கன்னுதான் சத்தியமா நெனச்சேன்."

"அந்தப் போட்டோவக் காட்டுங்க சார்."

அவர் போனை நீட்டினார். வாட்ஸப்பில் இருந்த அதே படம்தான்.

"இதுல உங்க பேனா எந்தப் பக்கம் இருக்கு?"

தீர்த்தகிரி படத்தைப் பார்த்தார். தன் சட்டைப் பையைத் தொட்டார். மறுபடி படத்தைப் பார்த்தார். அவருடைய கை இடது மார்பிலேயே நின்றுவிட்டது.

"சில போனுல செல்ஃபி எடுத்தா, கண்ணாடியில பாக்கற மாதிரி இடம் வலம் மாறியே பதியும்," என்றார் நிர்மலாதேவி. "அதனாலதான் நான் செல்ஃபிய வாங்கறதே இல்ல. இடது கதவுல பட்ட அடிய வலது கதவுன்னு எழுதிட்டு ஒரு தடவ நல்லா பேச்சு வாங்கியிருக்கேன். வண்டின்னா நம்பர் பிளேட்டப் பாத்துக் கண்டுபிடிச்சிடலாம். இங்க எதப் பாக்கறது? ஒரு ஆறு இருந்திருந்தா சாருக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும். இது புல்வெளி."

தமிழ்மணி தன் போனை எடுத்து, அவசரமாகத் தன்னையே ஒரு செல்ஃபி எடுத்துப் பார்த்தான். "என்னுது மாத்தல மேடம்!" என்றான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

கோகிலவாணி வீரமணியைப் பார்த்து, "டேய்..." என்று தொடங்கி, முடிக்காமல் நிறுத்தினாள். அவன் "பரவால்ல கோகிலா" என்றான். ஆனால் அவன் கண்கள் தீர்த்தகிரியின் மீதே இருந்தன. ஊருக்கெல்லாம் வாத்தியார். அவர் சொன்ன ஒரு சொல்லில்தான் அவன் நேற்றிலிருந்து திருடனாக இருந்தான்.

தீர்த்தகிரி எழுந்தார். நாற்காலிக்கடியிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து, அதன் மூடியில் தளும்பத் தளும்பத் தண்ணீர் ஊற்றினார். இரண்டு வருடம் பக்கத்து அறையில் விடைத்தாள் திருத்தியபடியே அவர் இவர்களுடைய சட்டங்களையெல்லாம் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் மற்றவர்களுக்குப் புரிந்தது. மூடியை இரண்டு கையாலும் ஏந்தி, சிந்தாமல் நடந்து, மேசையில் இடப்பக்கம் நின்ற ஒரு குதிரையின் முன்னால் வைத்தார்.

முனிராஜ் தொண்டையைச் செருமினார். கோகிலவாணி உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சார்," என்றான் வீரமணி. நேற்று மாலைக்குப் பிறகு முதல்முறையாக அவன் முகத்தில் சிரிப்பு வந்துகொண்டிருந்தது. "அது கோகிலாவோட வண்டிக் குதிரை. என்னுது அந்தப் பக்கம்."