நின்றே சிரித்தவள்

சுவா நகரத்து மழைக்கு நேரம் காலமே கிடையாது. மதிய இடைவேளையில் பஸ் நிலையக் கூரைக்கு ஓடிய லிட்டியானா, எதிரே ஓடிவந்தவன்மேல் மோதினாள். அவன் கையிலிருந்த மரவள்ளிக்கிழங்குப் பொட்டலம் சேற்றில் விழுந்தது.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு?"

"தெரியுதே... ரெண்டு அழகான கண்ணு, முறைச்சுக்கிட்டு இருக்கு!"

சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தாள்... முடியவில்லை.

மழை விடவில்லை. பேச்சும்தான். வங்கிக் கவுன்ட்டரில் வேலை. ஸ்டூலைக்கூட எடுத்துவிட்டார்கள். நாள் முழுக்க நின்றுகொண்டே சிரிக்க வேண்டும். ஆறு பேர் வேலையை இரண்டு பேர் பார்க்கிறோம்... எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். இப்படிக் கேட்க ஒருவன் இருந்தால்... சட்டென்று மனத்தை இழுத்துப் பிடித்தாள்.

மறுநாள் காலை ராஜினாமாக் கடிதத்தோடு போனால், மேனேஜர் அறையில் அவன்! பெயர் இசிகேலி. ஊழியர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று விசாரிக்க வந்த தலைமை அலுவலக அதிகாரி.

அவளுக்குக் காது வரை சுட்டது.

"ஓ... நேத்து வேவு பாக்க வந்தீங்களா?"

"சத்தியமா இல்லைங்க. இந்த பேங்க்னு பாதியிலதான் புரிஞ்சுது. சொன்னா போயிடுவீங்களோன்னு... சொல்லல. தப்புதான். ஆனா ஒரு வரிகூட எழுதல. அது எங்கிட்ட சொன்னது, பேங்க்கிட்ட இல்ல."

"அப்ப பேங்க்கிட்டயே சொல்றேன். எழுதிக்குங்க!"

கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். பாத்ரூம் போக விடாததால் பக்கத்துக் கவுன்ட்டர் வசேமாதாவுக்கு சிறுநீரகத்தில் வந்த நோய், தன் முழங்கால் வீக்கம்... ஒன்றையும் விடவில்லை.

மேனேஜர் நெளிந்தார். "அறிக்கையில அந்த பாத்ரூம் விஷயத்தை மட்டும் எடுத்துடுங்களேன்."

"எடுக்க மாட்டேன் சார்," என்றான் இசிகேலி.

அன்று காலை முதன்முறையாக அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

இரண்டு வாரம் கழித்து அவளுடைய கடைசி நாள். கவுன்ட்டருக்கு அன்றுதான் நாற்காலிகள் வந்தன. மாலையில் வாசலில் அவன் நின்றான்.

"நான் கிளம்பறப்பதான் நாற்காலி வருது பாத்தீங்களா?"

"இருந்துடுங்கன்னு கேக்க வரல."

"பின்ன?"

"இனி நீங்க எங்க பேங்க் ஆள் இல்ல. நானும் உங்களுக்கு அதிகாரி இல்ல. அதனால தைரியமா..." அவன் ஓரடி முன்னே வந்தான். "உங்களைப் பிடிச்சிருக்கு லிட்டியானா."

"எனக்கும் அன்னிக்கே பிடிச்சுது. அதிகாரின்னு தெரிஞ்சதும் பிடிக்காம போச்சு. 'எடுக்க மாட்டேன்'னு சொன்னீங்க பாருங்க... அப்ப மறுபடியும்..."

முடிக்க முடியாமல், வெட்கத்தோடு அவன் கையைப் பற்றிக்கொண்டாள்.